முதல் டிராயிங் டேப்லெட்: விலையைப் பார்க்கும் முன் வீட்டைப் பாருங்கள்!

ஷாப்பிங் ஆப்பில் 'டிராயிங் டேப்லெட்' என்று தேடிப் பாருங்கள். 200 ரூபாயில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டியும் வரிசையாக வந்து நிற்கும். பெரும்பாலான படங்களில் ஒரு கறுப்புப் பலகை, பக்கத்தில் ஒரு பேனா. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

200 ரூபாய்க்கு வருவது எல்சிடி ரைட்டிங் பேட். அந்தக் கால சிலேட்டின் புது அவதாரம், அவ்வளவுதான். பட்டனை அழுத்தினால் வரைந்தது போய்விடும். டிஜிட்டல் ஓவியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்தது, கம்ப்யூட்டரில் செருகி வரையும் பென் டேப்லெட். இதில் திரை இருக்காது; பலகையில் பேனாவை ஓட்டினால் கம்ப்யூட்டர் திரையில் கோடு விழும். சுமார் 3,000 முதல் 6,000 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கிறது. மூன்றாவது, திரையோடு வரும் பென் டிஸ்ப்ளே. பெரும்பாலும் இதுவும் கம்ப்யூட்டரில் செருகினால்தான் வேலை செய்யும். 15,000 ரூபாய்க்கு மேல் ஆகும். நான்காவது, ஐபேட் போலத் தனியாகவே இயங்குபவை. ஐபேடும் அதற்கான பென்சிலும் சேர்ந்தால் சுமார் 40,000 ரூபாய்.

இந்தக் குழப்பத்தில்தான் பல வீடுகளில் பணம் போகிறது. பிளஸ் ஒன் படிக்கும் பெண் நன்றாக வரைகிறாள், யூடியூபில் பார்த்துவிட்டு டேப்லெட் கேட்கிறாள் என்று வையுங்கள். சீட்டுப் பணத்தில் அப்பா ஆர்டர் போடுகிறார். பெட்டியைப் பிரித்த பிறகுதான், இதைச் செருக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்பதே தெரிகிறது. ஒரு மாதத்தில் அது பரணுக்குப் போய்விடும். "கேட்டதை வாங்கிக் கொடுத்தோம், தொட்டுக்கூடப் பார்க்கலை" என்ற பேச்சை மட்டும் அந்தப் பெண் காலேஜ் போகும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள். அடுத்த முறை வாய்திறந்து எதுவும் கேட்கவும் மாட்டாள்.

அதனால் எந்த பிராண்ட், எந்த மாடல் என்பதெல்லாம் பிறகு. முதல் கேள்வி ஒன்றுதான்: இதை எதில் செருகப் போகிறீர்கள்?

வீட்டில் என்ன இருக்கிறது?

வீட்டில் லேப்டாப்போ டெஸ்க்டாப்போ இருந்தால் யோசிக்கவே வேண்டாம். திரை இல்லாத பென் டேப்லெட்தான் முதல் சாய்ஸ். 4 ஜிபி ராம் இருந்தாலே பழகுவதற்குப் போதும். 2011-ல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் பல வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது. பேட்டரி செத்திருந்தாலும் சார்ஜரில் செருகினால் ஓடுகிறது என்றால் அதையும் எழுப்பிப் பார்க்கலாம். அதில் கனமான சாஃப்ட்வேர் திணறும். மெடிபாங் பெயின்ட், ஃபயர்அல்பாக்கா போன்ற எடை குறைந்த இலவச சாஃப்ட்வேர்களைப் போட்டு, படத்தின் அளவையும் லேயர்களின் எண்ணிக்கையையும் அடக்கி வாசித்தால் சமாளித்துவிடும்.

கொஞ்சம் புதிய கம்ப்யூட்டர் என்றால் க்ரிட்டா. முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. "இலவசம்னா சுமாராத்தான் இருக்கும்" என்று நினைப்பவர்கள், பிரான்ஸ் ஓவியர் டேவிட் ரெவாய் 2014-லிருந்து இணையத்தில் வெளியிட்டுவரும் 'பெப்பர் அண்ட் கேரட்' காமிக்ஸைப் பாருங்கள். க்ரிட்டாவில் வரைந்ததுதான். லேயர்கள் உள்ள மூல ஃபைல்களையும் அவர் இலவசமாகவே தருகிறார். டவுன்லோட் செய்து ஒவ்வொரு லேயராக அணைத்து அணைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் எப்படி உருவானது என்பது கண்முன்னே விரியும். எந்த கிளாஸுக்கும் ஃபீஸ் கட்ட வேண்டாம்.

வீட்டில் போன் மட்டும்தான் என்றால்? ஆண்ட்ராய்டு போனில் ஓடும் பென் டேப்லெட்கள் இருக்கின்றன. ஆனால், போனை நிமிர்த்தி வைத்து வரையும்போது பலகையின் ஒரு பகுதி மட்டுமே வேலை செய்யும். ஆறு அங்குலத் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே வரைய வேண்டும். நடுவில் அம்மாவுக்கு போன் வந்தால் பலகை சும்மா கிடக்கும். பொதுவாக ஐபோனில் இந்தப் பலகைகள் வேலையே செய்யாது. என்னைக் கேட்டால், போன் மட்டும் இருக்கும் வீட்டில் மூன்று மாதம் ஐபிஸ் பெயின்ட் ஆப்பில் விரலாலேயே வரையட்டும். லேயர் என்றால் என்ன, வண்ணத்தை எப்படிப் பூசுவது என்பதெல்லாம் அதிலேயே படிந்துவிடும். 100 ரூபாய் ரப்பர் முனைப் பேனா வாங்க வேண்டாம். அதற்கு அழுத்தம் தெரியாது, அதுவும் விரலும் ஒன்றுதான்.

படிப்புக்காக எப்படியும் ஒரு டேப் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அப்போது பேனாவோடு வரும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் பெட்டியிலேயே எஸ் பென் இருக்கும். படிப்புக்கும் ஆயிற்று, படத்துக்கும் ஆயிற்று.

பெட்டியில் இருக்கும் எண்கள்

இனி பென் டேப்லெட் வாங்குகிறவர்களுக்கு. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது அழுத்த அளவுகளை: 2,048, 8,192, இப்போது 16,384 வரை வந்துவிட்டது. மெல்ல அழுத்தினால் மெல்லிய கோடு, அழுத்தி வரைந்தால் பட்டையான கோடு. அந்த வித்தியாசத்தை எத்தனை படிகளாகப் பிரிக்கிறது என்பதே இந்த எண். புதிதாகப் பழகும் கைக்கு 2,048-க்கும் 8,192-க்கும் வித்தியாசம் தெரியாது. ஜப்பானிய வாகாம் நிறுவனத்தின் 'ஒன் பை வாகாம்' 2,048 அளவுகள் கொண்டதுதான். சீனாவின் ஹூயான் எச்640பி 8,192. இரண்டிலும் நன்றாக வரையலாம். எச்640பி-யில் ஆறு ஷார்ட்கட் பட்டன்கள் கூடுதலாக உண்டு. 'அன்டூ' செய்ய கீபோர்டைத் தேட வேண்டாம் என்பது நிஜமாகவே உதவும் வசதி.

கவனிக்க வேண்டிய எண், வரையும் பரப்பின் அளவு. பலகை பெரிதாகத் தெரியும். அதில் எவ்வளவு இடம் வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒன் பை வாகாம் சின்ன மாடலில் 152க்கு 95 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு போஸ்ட்கார்டு. நடுத்தர மாடலில் 216க்கு 135. லேப்டாப்புக்குச் சின்னது போதும், பையிலும் அடங்கும். பெரிய மானிட்டரோடு சின்னப் பலகையை வைத்தால் கை ஒரு அங்குலம் நகரும்போது திரையில் கோடு எங்கேயோ ஓடிவிடும். மணிக்கட்டை அசைத்து வரைபவருக்குச் சின்னது, முழங்கையிலிருந்து கையை வீசி வரைபவருக்கு நடுத்தரம். காகிதத்தில் வரையும்போது அரை நிமிடம் கவனித்தால் தெரிந்துவிடும்.

பேட்டரி இல்லாத பேனாவா என்றும் பாருங்கள். பலகையிலிருந்து வரும் மின்காந்த அலையிலேயே இயங்கும் பேனா இது. சார்ஜ் போடும் வேலை இல்லை. இப்போது குறைந்த விலை மாடல்களிலும் வந்துவிட்டது. பேட்டரி போடும் பழைய ஸ்டாக் மலிவாக வந்தால் விட்டுவிடுங்கள்.

முட்டையாகும் வட்டம்

புதிதாக வாங்கியவர்களை முதல் நாளே பயமுறுத்தும் விஷயம் இது. வட்டம் வரைந்தால் திரையில் முட்டை வரும். கையில் கோளாறு இல்லை. பல பலகைகளின் அகல உயர விகிதம் 16க்கு 10, பல திரைகளுக்கு 16க்கு 9. டிரைவர் சாஃப்ட்வேருக்குள் போய், விகிதத்தைத் திரையோடு பொருத்தும் ஆப்ஷனை டிக் செய்தால் சரியாகிவிடும். பலகையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் வீணாகும், பரவாயில்லை.

இன்னொன்று, எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிமனில் வருவது. டிரைவரில் 'விண்டோஸ் இங்க்' டிக்கை எடுத்தோ போட்டோ பாருங்கள். க்ரிட்டாவிலும் டேப்லெட் செட்டிங்ஸில் இதற்கான ஆப்ஷன் உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள், வேறு பிராண்டின் பழைய டிரைவர் கம்ப்யூட்டரில் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். இடது கைக்காரர்கள் பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, டிரைவரிலும் 180 டிகிரி திருப்பிக்கொள்ளலாம்.

பிறகு வருவதுதான் கஷ்டமான பகுதி. கை ஓரிடத்தில், கண் வேறிடத்தில். முதல் வாரம் தன் பெயரைக்கூட ஒழுங்காக எழுத முடியாது. இந்த நேரத்தில் "இதுக்கா இவ்வளவு காசு?" என்று பக்கத்தில் நின்று கேட்காமல் இருப்பது பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி. பேனாவை மவுஸ் போல இழுத்து இழுத்து நகர்த்தக் கூடாது. பலகையின் இடது மேல் மூலைதான் திரையின் இடது மேல் மூலை. போக வேண்டிய இடத்தில் நேராக வைக்க வேண்டும். திரையில் புள்ளிகள் வைத்து ஒன்றோடொன்று இணைக்கும் பயிற்சி இதற்கு அருமையானது. கோலம் போடத் தெரிந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. தினமும் அரை மணி நேரம் என்று வைத்தால், பொதுவாக இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். நேரே திரையைப் பார்த்து வரைவதால் கழுத்து வலி குறைவு. விலை அதிகமான பென் டிஸ்ப்ளேயில் குனிந்துதான் வரைய வேண்டும்.

அதுவரை பொறுமை இல்லையென்றால் ஒரு குறுக்கு வழி. இந்தப் பேனா ஒரு தாள் தடிமனுக்கு மேலிருந்தும் வேலை செய்யும். நோட்டில் பென்சிலால் வரைந்ததைக் கிழித்து, பலகைமேல் ஒட்டி, கோட்டின் மேலேயே பேனாவை ஓட்டலாம். படம் அப்படியே கம்ப்யூட்டருக்குள் போய்விடும்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பலகைமேல் பிளாஸ்டிக் ஸ்கேலைச் சாய்வாக வைத்து, மிக மெதுவாக ஒரு கோடு. சாஃப்ட்வேரில் கோட்டை நேராக்கும் ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். கோடு படிக்கட்டு மாதிரி அதிகமாக நெளிந்தால் வேறு பீஸ் கேளுங்கள். பெட்டியை எறிவதற்கு முன் உள்ளே நன்றாகத் துழாவுங்கள். சின்ன கவரில் பேனாவுக்கான மாற்று முனைகளும், பழைய முனையைப் பிடுங்க ஒரு குட்டி வளையமோ கிளிப்போ இருக்கும். முனை சாய்வாகத் தேய்ந்து கூர்மையாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். அப்படியே விட்டால் பலகையில் கீறல் விழும்.