எச்சரிக்கை வந்தும் ஏன் மடிந்தார்கள்?

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் பப்பலோ என்று ஒரு நகரம். அதன் அருகே ஈரி ஏரி. பெயர்தான் ஏரி. நீளம் ஏறத்தாழ 388 கிலோமீட்டர்!

நவம்பர், டிசம்பரில் இந்த ஏரித் தண்ணீரில் கோடைச் சூடு முழுவதும் ஆறியிராது. கனடாவில் இருந்து வரும் குளிர்காற்று, ஏரியைக் கடக்கும்போது நீராவியை அள்ளிக்கொள்ளும். கரை ஏறியதும் பனியாகக் கொட்டிவிடும். பின்னால் ஏரியே உறைந்துவிட்டால், இந்தப் பனி அடங்கிவிடும்.

அதுவும் எங்கும் ஒரேமாதிரி கொட்டாது. 2014 நவம்பரில் நகரின் தென்புறத்தில் 5 அடிக்கு மேல் குவிந்தது. ஆள் உயரம்! வடபுறத்தில் சில அங்குலந்தான்.

இதை எல்லாம் வானிலை அதிகாரிகள் இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். சொல்லி என்ன பயன்?

2022 டிசம்பரில் பெரும் பனிப்புயல் வீசியது. எச்சரிக்கை சில நாள் முன்பே வந்துவிட்டது. ஆனால், "யாரும் கார் ஓட்டக்கூடாது" என்ற தடை, 23-ந் தேதி காலை 9.30 மணிக்குத்தான் அமலுக்கு வந்தது! அதற்குள் பலர் வேலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்கள்.

அந்த வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் மாண்டார்கள். சிலர் காருக்குள், சிலர் தெருவில், சிலர் குளிர்ந்துபோன வீட்டுக்குள். ஆம்புலன்சுகூடப் போக முடியவில்லை.

வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடுமே என்று பயப்படுகிறவன், வானிலை அறிக்கையைக் கேட்டு வீட்டில் இருந்துவிடுவானா? தடையை முதல்நாள் இரவே போட்டிருக்க வேண்டும். அன்றையக் கூலிக்கும் அதிகாரிகள் வழி சொல்லி இருக்க வேண்டும்.