ஊர்ச் செலவில் விடிய விடியக் கூத்து

ஏப்ரலில் தேர்வுகள் முடிந்ததும் பிள்ளைகளின் கோடை விடுமுறையை எப்படிக் கழிப்பது என்ற கவலை ஒவ்வொரு வீட்டிலும் தொடங்கிவிடுகிறது. நகரத்துப் பெற்றோருக்குக் கிடைக்கும் வழிகள் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. கோடை முகாம், நீச்சல் வகுப்பு, வணிக வளாகத்து விளையாட்டுக்கூடம், சினிமா எதுவாக இருந்தாலும் தலைக்கு இவ்வளவு என்று எடுத்து வைக்க வேண்டும். கோடை விழா என்று அரசு நடத்துவதும் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று பெரும்பாலும் மலைகளில்தான். பயணச் செலவு, அறை வாடகை, பூங்காக் கட்டணம் எல்லாம் கொடுத்து மலையேற முடிந்த குடும்பங்கள் எத்தனை? மே மாத வெயிலில் சமவெளியிலேயே இருக்கும் பெரும்பான்மைக்கு, காசில்லாமல், பாட்டி முதல் பேத்தி வரை சேர்ந்து உட்கார்ந்து பார்க்க என்ன கலை இருக்கிறது?

வடதமிழகத்துக் கிராமங்களில் இருக்கிறது. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, வேலூர், விழுப்புரம் மாவட்டங்களில் பங்குனி பிறந்ததிலிருந்து ஆடி வரைக்கும் ஏதாவது ஓர் ஊரில் பாரதம் என்ற மகாபாரதக் கூத்து விழா நடந்துகொண்டே இருக்கும். “எங்க ஊர்ல பாரதம் வெச்சிருக்காங்க, வந்துடுங்க” என்று உறவினருக்குச் சொல்லி அனுப்புவார்கள். திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறியதும் பிரசங்கியார் வந்துவிடுவார். ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பிற்பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். சில நாட்கள் கழித்துக் கூத்துக் குழு வந்து இறங்கும். அதன் பிறகு திரௌபதி கல்யாணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி. பத்து இரவுகளாவது ஓர் ஊர் முழுக்க நாடகம் பார்க்கிறது. சீட்டும் இல்லை, வேலியும் இல்லை. பாயை விரித்த இடம்தான் இருக்கை.

இதைப் பக்தி என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம். சடங்கோடு பிணைந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கலை விழாவாக இதைப் பார்த்தால், இலவசக் குடும்ப விழா எப்படி அமைய வேண்டும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் தேர்ந்த எடுத்துக்காட்டு இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். மகாபாரதக் கூத்தைப் பற்றி ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990இல் தனி நூலே எழுதினார். ஆல்ஃப் ஹில்டபைடல் திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்து எழுதிய நூலின் முதல் தொகுதி 1988இல் வந்தது. செஞ்சி வட்டாரத்து மேலச்சேரிக் கோயில் வரை நடந்து தகவல் திரட்டியவர் அவர். வெளிநாட்டு அறிஞர்கள் இவ்வளவு அக்கறையோடு பார்த்ததை நம் பண்பாட்டுக் கொள்கை ஓர் அடிக்குறிப்பாகக்கூட எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கூத்தின் கட்டமைப்பிலேயே குடும்பத்துக்கு இடம் இருக்கிறது. பிற்பகலில் பிரசங்கியார் சொன்ன கதைதான் இரவில் ஆடப்படுகிறது. அதனால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கதை முன்பே தெரிந்திருக்கும். அடுத்து என்ன என்பதைவிட எப்படி ஆடப்போகிறார்கள் என்பதில்தான் கண் நிற்கும். இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்று பாடி, பிறகு திரை விலக வேடம் வெளிப்படும். ஒவ்வொரு வேடமும் தான் யார் என்று சபைக்குத் தானே சொல்லிக்கொள்ளும். நடுவில் வந்து உட்கார்ந்தவருக்கும் நூல் பிடிபட்டுவிடும். கட்டியக்காரன் இருக்கிறான். ராஜாவைக் கேள்வி கேட்பான், ஊர்க்காரர்களைக் கிண்டலடிப்பான், தூங்கி வழியும் சபையை எழுப்புவான். பதினோரு மணிக்குக் குழந்தை தூங்கிப்போனால் பரவாயில்லை. சண்டைக் காட்சி வரும்போது அம்மா தட்டி எழுப்புவாள். முகவீணையும் மிருதங்கமும் தாளமும் அதற்குள் எழுப்பிவிடுவதும் உண்டு. குழந்தை அழுதாலோ தாத்தா பக்கத்திலிருப்பவரோடு பேசினாலோ யாரும் முகம் சுளிப்பதில்லை. டீ குடித்துவிட்டு வருகிறவர்களுக்கும், பொரி உருண்டை வாங்க ஓடும் பிள்ளைகளுக்கும் இந்த மேடை இடம் கொடுக்கிறது.

அர்ச்சுனன் தபசைப் பாருங்கள். உயர்ந்த மரமொன்றை நட்டு, வேடமிட்டவர் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுகிறார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுகிறார். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்கிறார்கள். படுகளத்தன்று மண்ணால் பிரம்மாண்டமாகத் துரியோதனனைப் படுக்க வைத்து உருவாக்குவார்கள். பீமனும் துரியோதனனும் ஊர்த் தெருவெல்லாம் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். தொடை பிளந்த பிறகு திரௌபதி கூந்தல் முடிப்பாள். மேடை, சபை என்ற பிரிவு அங்கே கரைந்துபோகிறது. பார்வையாளரைப் பங்கேற்க வைப்பது எப்படி என்று உலக நாடகக் கலைஞர்கள் தேடியலைந்த வழி எங்கள் வடாற்காட்டுத் தெருவில் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது. நாடகாசிரியர் ந. முத்துசாமியும் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவும் கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் சென்று கற்றுக்கொண்டது இதனால்தான். அந்தத் தொடர்பிலிருந்துதான் தமிழ் நவீன நாடகம் தன் உடலையும் குரலையும் கண்டெடுத்தது.

இலவசம் என்கிறோம். பார்க்கிறவருக்குத்தான் இலவசம்; விழாவுக்குச் செலவு உண்டு. பதினைந்து பேர் அளவிலான குழு, பிரசங்கியார், பந்தல், விளக்கு, ஒலிபெருக்கி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஊர்தான் பணம் திரட்டுகிறது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். வெளியூரில் வேலைக்குப் போனவர்கள் அனுப்புவார்கள். ஒருவர் ஓர் இரவுக் கூத்தின் செலவை உபயமாக ஏற்பார். விடியும் முன் அன்பளிப்பு தந்தவர்களின் பெயர்கள் மேடையிலிருந்து அறிவிக்கப்படும். இந்தப் பங்களிப்புதான் ஊர்க்காரரை விருந்தினர் நிலையிலிருந்து வீட்டுக்காரர் நிலைக்கு உயர்த்துகிறது. எந்தக் குழுவை அழைப்பது, கர்ணன் வேடம் யார் கட்ட வேண்டும், போன வருடம் துச்சாதனன் சோடை போனானா என்பதெல்லாம் டீக்கடையில் விவாதமாகும். காசு கொடுத்த உரிமையோடு ஊரே விமர்சகராகிறது. நல்ல ரசிகர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் கலைஞரின் வாழ்வும் அடங்கியிருக்கிறது. கூத்துக்காரரின் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி இந்தச் சில மாதங்களில் சேர்வது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, பாரதம் தொடங்கும் நேரத்தில். 2021இலும் ஊரடங்கு கோடையிலேயே வந்தது. அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் பறிபோயின. முன்பணம் வாங்கியவர்கள் கடனாளியானார்கள். மற்றவர்களுக்கு அது வீட்டுக்குள் அடைந்திருந்த கோடை. இவர்களுக்கு ஆண்டுக் கணக்கே அழிந்துபோன கோடை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இலிருந்து இருக்கிறது. அதன் உதவிகள் தேவைதான். ஆனாலும் ஓர் ஊர் தன் தெருவில் பத்து இரவு மேடை தருவதற்கு எந்த நலத்திட்டமும் ஈடாகாது.

இத்தனையும் சொல்லிவிட்டு, இந்த விழாவின் பெரிய காயத்தைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. கட்டணம் இல்லை என்பதால் எல்லோருக்கும் இடம் உண்டு என்று ஆகிவிடாது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது நுழைந்த பட்டியல் சமூகத்தினர் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி சீல் வைத்தார்கள். நீதிமன்றப் படியேறி, 2025 ஏப்ரலில்தான் அவர்கள் உள்ளே சென்று வழிபட முடிந்தது. ஊர் வேறு, சேரி வேறு என்று தலைக்கட்டு எண்ணும் இடத்தில், வரி வாங்காமல் விடுவதே ஒருவரை விலக்கும் வழியாகிவிடுகிறது. காசு வாங்காதது சலுகையாகத் தோன்றும். உண்மையில் அது, “உனக்கு இதில் பங்கில்லை” என்ற அறிவிப்பு. வன்னியர், பண்டாரம், வண்ணார், பறையர் என்று பல சமூகத்துக் கலைஞர்கள் ஆடிப் பாடி வளர்த்த கலை இது. சபை நடுவே அவமதிக்கப்பட்ட ஒருத்தி நியாயம் கேட்கும் கதையை விடிய விடிய ஆடுகிற இடத்தில், மனிதரை வாசலில் நிறுத்துவதை எந்த மரபின் பெயராலும் ஏற்க முடியாது.

பெண்களின் நிலையும் அப்படித்தான். சபையில் பாதிக்கு மேல் பெண்கள்; மேடையில் திரௌபதி வேடம் கட்டுபவர் ஆண். இது மாறாத விதி இல்லை என்பதைக் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் காட்டியது. கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னா டி புரூனும் 2002இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் மர அணிகளான கட்டைகளைக் கட்டி ஆடக் கற்றார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் பூட்டிய பெண் பிள்ளை அடவு வைத்து மேடைக்கு வந்தபோது கலை ஒன்றும் குறைந்துவிடவில்லை. 2020இல் குருகுலம் மூடப்பட்டது பெரிய இழப்பு.

இப்படியொரு இலவச விழாவை அமைக்க நகரங்களும் தம் பக்கத்திலிருந்து முயன்றிருக்கின்றன. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், பூங்காக்களிலும் கடற்கரையிலும் நாட்டார் கலைகளை இலவசமாகக் கொண்டுவந்து வைத்தது. சில ஆண்டுகளில் நின்றுபோய், 2023 ஜனவரியில் அரசின் கலை பண்பாட்டுத் துறை வழியே மீண்டும் வந்தது. கூத்துக் குழுக்களுக்கு வேலை குறைந்திருக்கும் தை மாதத்தில் அழைப்பு வருவதால் கலைஞருக்கும் நல்லது. பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குப்பத்தில் 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, கர்நாடக இசையையும் பறையாட்டத்தையும் ஒரே மணலில் அமர வைத்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் முன்னின்ற அந்த முயற்சி, சாதி பார்க்காத சபையை நம்மால் உருவாக்க முடியும் என்று காட்டியது. ஆனால் அரசு விழா ஆட்சியோடு வந்து ஆட்சியோடு போகிறது. தன்னார்வலர் விழா சிலரின் தோள்களை நம்பி நிற்கிறது. இன்னொன்று, இரண்டுமே குளிர்காலத்துக்கு உரியவை. பள்ளி மூடியிருக்கும் கோடை இரவுகள் நகரத்தில் வெறுமையாகவே கிடக்கின்றன.

கோடையில் தெருவைக் கலைக்குத் திறந்துவிட்ட எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பிரான்சில் 1982இல் பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங்கும் இசைத் துறை இயக்குநர் மோரீஸ் ஃப்ளோரேவும் சேர்ந்து ஜூன் 21ஐ இசை நாளாக்கினார்கள். இசைக்கருவி வாசிக்கத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருந்தும் தெருவில் இசை இல்லையே என்ற எண்ணம்தான் தொடக்கம். அன்றைக்குத் தொழில்முறைக் கலைஞரும் பள்ளிப் பிள்ளையும் தெருவில் நின்று வாசிக்கலாம், கேட்கக் கட்டணம் கிடையாது. நாள் குறித்ததும் தெருவைத் திறந்துவிட்டதும் அரசின் பெரிய பங்களிப்பு. வாசிப்பது மக்கள் வேலை. இப்போது உலகின் பல நாடுகளில் அது நடக்கிறது, புதுச்சேரியிலும் நடக்கிறது. அங்கிருந்து விழுப்புரம் ஒரு மணி நேரப் பயணம். ஒரே ஜூன் மாதத்தில் ஒருபுறம் தெரு இசை, மறுபுறம் பாரதக் கூத்து. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கும் அலுவலகம்தான் இல்லை.

அரசு முதலில் வழியைத் திறந்துவிட வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை. ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவு வரைதான் மாநில அரசு தளர்வு தரலாம். நோயாளிகளையும் கைக்குழந்தைகளையும் நினைத்தால் இந்த விதி தேவையானதே. ஆனால் விடியும்வரை நீளும் ஒரு கலைக்கு அனுமதி கேட்டு ஒவ்வோர் ஊரும் காவல் நிலையத்தில் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கும் கர்ண மோட்சத்துக்கும் ஒரே படிவம். கூத்து ஒலிவாங்கி இல்லாமலேயே வளர்ந்தது. உச்ச ஸ்தாயியில் பாடும் குரலும் முகவீணையும் அதற்காகவே அமைந்தவை. நள்ளிரவுக்கு மேல் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு ஆடும் குழுக்களுக்குத் தனி அனுமதி முறை வகுத்தால் விதியின் நோக்கமும் காக்கப்படும், கூத்தும் பாதியில் கலையாது.

பணம் தருவதிலும் ஒரு நிபந்தனை வேண்டும். ஊர் திரட்டும் தொகைக்கு இணையாக ஒரு பங்கை அரசு நேரடியாகக் குழுவின் கணக்கில் செலுத்தலாம். ஆனால் காலனி, ஊர் என்று பிரிக்காமல் எல்லாத் தலைக்கட்டும் வரி கொடுத்து, எல்லாரும் களத்தில் ஒன்றாக அமரும் ஊருக்கு மட்டுமே அந்தப் பங்கு என்று இருக்க வேண்டும். நகரத்தில் இதையே வார்டு அளவில் செய்யலாம். கோடை முழுக்கப் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிப் பள்ளி மைதானங்களை வாரம் இரண்டு மாலை திறந்துவிட்டு, அந்த வட்டாரத்துக் குடியிருப்போர் சங்கமும் குடிசைப் பகுதி மக்களும் சேர்ந்த குழுவிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். பாவைக்கூத்தா, பறையாட்டமா, பிள்ளைகளின் நாடகமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பருவத்தில் கூத்துக் குழுக்கள் ஊர்களில் இருக்கும் என்பதால் நகரத்து மேடைக்கு அவர்களை இழுக்கக் கூடாது; நகரத்திலேயே இருக்கும் கானா பாடகர்கள், பறைக் குழுக்கள், பள்ளி நாடகப் பிள்ளைகள் போதும்.

கூத்துக் குழுக்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுப்பது கோடைக்கு முன்பே தொடங்கிவிடும். ஜனவரி 26 அன்று கிராம சபை கூடுகிறது. இந்த ஆண்டு பாரதம் வைப்பதா, யார் யாரிடம் வரி வாங்குவது என்று பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. வரிப் பட்டியலில் எல்லாத் தெருக்களும் இருக்கின்றனவா என்று அன்றைக்கே சபை நடுவில் வாசித்துப் பார்த்துவிடலாம்.