வெந்த இட்லியில் என்னய்யா ப்ரோபயாடிக்?

இங்கே புனேயில் நான் வாங்கும் இட்லி மாவு பாக்கெட்டிலும் இப்போ 'ப்ரோபயாடிக்' முத்திரை. கூட வேலை பார்க்கிறவர், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ் கரைசலை விட்டுவிட்டு அந்த இட்லியை ஊட்டுகிறார். கோபம் வருமா வராதா?

மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்கிற பாக்டீரியாவுக்கு. உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஆசாமி. சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமும் கரியமில வாயுவும் விடுவார். புளிப்பும் உப்பலும் அவர் உபயம். நன்றி ஐயா! ஆனால் ப்ரோபயாடிக் என்றால் உயிரோடு, போதுமான அளவில் உள்ளே போய், உடம்புக்கு நல்லது செய்யணும். 2001-லேயே உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் கூடி வகுத்தது இது. இட்லிப் பானையில் பத்து நிமிஷம் வெந்தபின் அவர் எங்கே உயிரோடு இருக்க?

இந்தப் பேரினத்தில் சில ரகங்கள் ஆய்வுக்கூடத்தில் நம்பிக்கை தருகின்றன, மறுக்கவில்லை. அது அந்தந்த ரகத்துக்கு மட்டும். அதனால்தான் 2011-ல் வந்த ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல், ரகத்தின் பெயரையும் உயிருள்ளவற்றின் எண்ணிக்கையையும் லேபிளில் போடச் சொல்கிறது. நான் திருப்பித் திருப்பிப் பார்த்த பாக்கெட்டில் இரண்டும் இல்லை.

பழைய சோற்றைக்கூட நான் ப்ரோபயாடிக் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் இருப்பவை உயிரோடாவது வயிற்றுக்குப் போகும், தனியாகக் காசும் கேட்காது.