செம்பும் நீரும்

எல்கடுவ மலைச்சாலையில் மூச்சிரைக்க ஏறிவரும் பழைய கொழுந்து லொறி ஒன்று ஓடையோரத்தில் நிற்க, சாரதி வாளியில் நீர் மொண்டு ரேடியேட்டரில் ஊற்றுகிறார். அருவி நீரினும் தூயது ஏது என்பது அவர் எண்ணம்.

செம்புக்கு அந்நீர் அத்துணை நல்லதன்று. பாறைக்குப் பாறை தாவி வரும் நீரில் பிராணவாயு நிறையக் கரைந்திருக்கும். கரியமிலவாயுவும் சிறிது சேர்ந்து நீரை இலேசாகப் புளிக்கச் செய்யும். செம்பு துருப்பிடிப்பதில்லை, ஆயினும் களிம்பு பிடிக்கும். நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரங்களுக்கு வெள்ளீயம் பூசுவித்தது வேறெதற்கு? ரேடியேட்டரின் மெல்லிய செம்பு, பித்தளைக் குழாய்களிலும் நிகழ்வது அதுவே.

குழாய்க்குள் அடைபட்ட நீரின் பிராணவாயு சில நாட்களில் செலவாகிவிடும், அரிப்பும் தணியும். நாள்தோறும் புதுநீர் ஊற்றினாலோ, நாள்தோறும் அரிப்புக்குத் தீனி போடுகிறோம். ஆகவே ஒழுக்கை அடைப்பதே முதற்காரியம். வாளி, வழியில் நின்றுபோன வேளைக்கு மட்டும் போதும்.

அடைத்தபின், காய்ச்சி வடித்த நீரில் கூலண்ட் கலந்து நிரப்புக. அதிற் சேர்க்கப்படும் பென்சோடிரையசோல் போன்ற பொருள், செம்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லாடையாகப் படிந்து காக்கும். அதன் வலிமை நாளடைவில் குன்றுவதால், வாகனக் கைநூல் கூறும் தவணையில் மாற்றுதல் வேண்டும். எஞ்சினில் அலுமினியப் பாகம் இருப்பின் கவனம் இன்னும் தேவை. கரைந்த செம்பு அலுமினியத்தின்மேற் படிந்து ஊசித்துளை இட்டுவிடும்.

பித்தளைக்கு வெளியிலிருந்தும் ஒரு பகை உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே பிளந்தன. குதிரைச் சிறுநீரின் அம்மோனியாவே காரணம் என்பது 1921ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. மாட்டுத் தொழுவத்தை ஒட்டி லொறி நிறுத்துவோர் சற்றே தள்ளி நிறுத்துவாராக!

இல்லத்தரசியருக்கும் ஒரு சொல். கூலண்டில் பெரும்பாலும் உள்ள எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு. நிறமும் சர்பத்தை ஒக்கும். எஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி அடுக்களை மூலையில் வைத்தல் ஆகவே ஆகாது. வந்த தகரத்திலேயே மூடி, பிள்ளைகளுக்கு எட்டாமற் பூட்டி வைக்க. வடித்த பழையதை ஓடையிலும் கொட்டற்க. கீழே லயத்தில் யாரோ அதே நீருக்குக் குடத்துடன் வருவர்.