ஒரு ஈத்தாவது போடட்டும் என்பவர்களுக்கு

"பொட்டை நாய்க்கு ஒரு ஈத்தாவது எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பப்பையில் கட்டி வந்துவிடும்." பாடாலூர்ப் பக்கம் நாய் வளர்ப்பவர்களிடம் பேசினால் இது காதில் விழாமல் போகாது. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். அதனாலேயே இதை மறுத்தாக வேண்டும்.

குட்டி போட்ட நாய்க்குக் கர்ப்பப்பை நோய் வராது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கருத்தடை செய்யாத எந்தப் பெட்டைக்கும் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கலாம். பருவம் முடிந்து சில வாரங்களில் நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், சோற்றைத் தொடாது, வாலுக்கடியில் நாற்றத்தோடு சீழ் கசியும். சிலதுக்குச் சீழ் வெளியே வராமல் வயிறு மட்டும் உப்பும். ஆபத்து அதில்தான் அதிகம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் உயிர் போய்விடும். இதைத் தடுக்கும் உறுதியான வழி, சினைப்பையோடு கர்ப்பப்பையை எடுத்துவிடுவதே. இளம் வயதில் செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பும் குறையும்.

"அதற்கும் தாயாகும் ஆசை இருக்காதா?" என்கிறார்கள். பருவத்தில் நாயைப் படுத்துவது ஹார்மோன். வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் போல இருக்கும். பருவம் தணிந்தால் தவிப்பும் தணியும். குட்டி இல்லையே என்று ஏங்குவது நாம்தான். பேரப்பிள்ளை பார்க்கும் ஆசையை நாயின் மேல் ஏற்றுகிறோம். 63 நாள் சுமப்பதும், சிறிய இன நாய் என்றால் பால் கொடுக்கையில் கால்சியம் இறங்கி வெட்டி இழுக்கும் அபாயமும் அதற்குத்தான்.

"இது போனபின் இதைப் போலவே ஒன்று வேண்டும்." இந்த ஏக்கத்தை என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் வாசலில் படுத்திருந்த ஜீவன் அது. ஆனால் குட்டிக்குப் பாதி அப்பனுடையது. நீங்கள் நேசிக்கும் அந்தக் குணம், உங்கள் வீட்டில் உங்களோடு பழகி வந்தது. குட்டிக்குச் சாயல் வரலாம், அதே நாய் வராது.

"வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது." ஆமாம், கடுவனுக்கு. பொட்டைக் குட்டிகள்தான் மிஞ்சும். பால் மறக்கும் முன்பே சாக்கில் போட்டுச் சந்தையிலோ கோயில் வாசலிலோ, திருச்சி–சென்னை நான்குவழிச் சாலை ஓரத்திலோ விட்டுவிட்டு வருகிறார்கள். தடுப்பூசி காணாத குட்டியைப் பார்வோ கழிச்சல் கொண்டுபோகும், இல்லையென்றால் லாரி. தப்பியது ஒரு வருடத்துக்குள் தானே ஈனத் தொடங்கும்.

விற்றுக் காசு பார்க்கலாம் என்றால் 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் இருக்கின்றன. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் நிரம்பியிருக்க வேண்டும். 12 மாதத்துக்கு ஒரு ஈத்து, ஆயுளுக்கு ஐந்து. அதற்கு மேல் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவும் கூடாது.

அடுத்த பருவம் வருவதற்குள் அரசு கால்நடை மருத்துவரிடம் கருத்தடை பற்றிக் கேளுங்கள். இன்னொரு நாய் வேண்டுமென்றால், சாலையோரத்தில் யாரோ விட்டுப்போன பொட்டைக் குட்டி ஒன்றை எடுத்து வந்து வளருங்கள்.