விலகச் சொன்னது உடலையா, உள்ளத்தையா?

தோழனே!

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றது ஒரு சொல்: 'சமூக விலகல்'! வானொலி அதை ஓதிற்று. தொலைக்காட்சி அதை முழங்கிற்று. கைப்பேசியை எடுத்தாலோ, மணி ஒலிக்குமுன் ஓர் இருமல், இருமலுக்குப் பின் ஓர் அறிவுரை! கொரோனாவைக் காட்டிலும் வேகமாய்ப் பரவியது அந்தச் சொல். அதனோடு எனக்கு வழக்கு உண்டு. ஆண்டுகள் உருண்டோடிய பின்னும் அந்த வழக்குத் தீரவில்லை.

மருத்துவம் கேட்டது என்ன? ஒருவர் மூச்சு மற்றவர்மீது படாதிருக்கச் சற்றே இடைவெளி. முகத்துக்குக் கவசம். கைக்குச் சோப்பு. கேட்டது நியாயம், கொடுப்பது நம் கடமை. 1918-இல் வந்த நச்சுக் காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதை அறிந்த எவரும், கொள்ளைநோய்க்கு முன் கதவடைப்பதைக் கோழைத்தனம் என்று கூறார். ஆனால் இடைவெளி கேட்டது உடலுக்கும் உடலுக்கும் நடுவே; உள்ளத்துக்கும் உள்ளத்துக்கும் நடுவே அன்று! உலக நலவாழ்வு நிறுவனமே அந்த மார்ச்சு 20-ஆம் நாள், 'சமூக விலகல்' வேண்டாம், 'உடல் இடைவெளி' என்போம், உறவு அறுபட வேண்டியதில்லை என்று விளக்கம் தந்தது. ஜெனீவாவில் திருத்திய சொல்லைத் தஞ்சையில் எவர் திருத்தினார்?

'எட்டி நில்' என்பது இந்த மண்ணுக்குப் புதிதா, தோழனே? கொல்லைப்புறத்தில் நின்று கூலி வாங்கியவன் பண்ணையாள். அவன் நடக்கும் வழிக்கு ஓர் எல்லை, அவன் மொள்ளும் நீருக்கு ஓர் எல்லை. எல்லை மீறினால் சவுக்கடி, சாணிப்பால்! விலக்கி விலக்கியே பழகிய சமுதாயத்தின் கையில் 'சமூக விலகல்' என்ற சொல்லைக் கொடுத்தது, குரங்கின் கையில் கொள்ளிக்கட்டையைக் கொடுத்தது போல அன்றோ?

கொள்ளி பற்றிக்கொண்டது. நோய் கண்ட வீட்டின் வாயிலைத் தகரம் வைத்து அடைத்தனர். கதவிலே அறிவிப்பை ஒட்டினர். சட்டப்படி உரிய அதிகாரியின் ஆணையின்றி அப்படி ஒட்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அவ்வாண்டு டிசம்பர் 9-ஆம் நாள். அதற்குள் எத்தனை குடும்பம் தெருவின் பார்வையில் குற்றவாளிக் கூண்டில் நின்றுவிட்டது! நோயாளிக்கு மருத்துவம் பார்த்து, அந்நோயாலேயே ஏப்ரல் 19 அன்று மாண்டார் சென்னை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ். அவர் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தது ஒரு கூட்டம். டில்லி நிசாமுத்தீன் மாநாட்டைக் காட்டி, ஒரு சமயத்தார் அனைவரையும் நோய் சுமந்தோர் என்றனர். கூத்தாநல்லூரும் அதிராம்பட்டினமும் நாகூரும் நமக்கு அயலூர்களா? பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பெயர் சொல்லிப் பழகிய ஊர்களாயிற்றே! பலியாடாக்கினார்கள் அவர்களை என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ஆகஸ்டில் எழுதியது.

இதற்கும் மனநலத்துக்கும் என்ன தொடர்பு என்கிறாயா? முழுத் தொடர்பும் இதிலேதான். காய்ச்சல் கண்டவன் பல வீடுகளிலே முதலில் அஞ்சியது மரணத்துக்கு அன்று, எதிர்வீட்டுக்கு! இருமலை விழுங்கினான், சோதனைக்குப் போகாமல் ஒளிந்தான், உறக்கம் கெட்டான். கிருமி நுரையீரலைத் தின்றது. ஊர்ப் பேச்சு அவன் உள்ளத்தைத் தின்றது. நுரையீரலுக்குப் பிராண வாயு கொடுத்தோம். உள்ளத்துக்கு?

கொடுத்தோம், அறிவுரை கொடுத்தோம்! யோகம் செய்க, நூல் படிக்க, புதுக்கலை பயில்க. 1665-இல் கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கேம்பிரிட்ஜை மூடினார்கள், நியூட்டன் வீட்டிலிருந்தே விஞ்ஞானம் கண்டான், நீயும் காண்க! கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு நியூட்டனைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்பர், கேட்கட்டும். அவன் போய்த் தங்கிய உல்சுதார்ப்பு ஒரு பண்ணை வீடு என்பது தெரியும். அங்கே அவன் அன்றாடங் கூலிக்கு ஏங்கவில்லை என்பதும் தெரியும்! ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும், அதே அறையில் மாமியாரும் மூன்று பிள்ளைகளும். வெளியே போனால் போலீசின் தடி, உள்ளே இருந்தால் வட்டிக்காரனின் தொலைபேசி. இங்கே எந்த மூலையில் யோகம் செய்வது?

மார்ச்சு 24 இரவு 8 மணிக்கு டில்லி அறிவித்தது. நள்ளிரவில் நாடு பூட்டப்பட்டது. நான்கே மணி நேரம்! மனத்துக்குத் தெம்பூட்டவென்று மார்ச்சு 22-இல் கைதட்டச் சொன்னது. ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கேற்றச் சொன்னது. ஏற்றினோம். விளக்கு அணைந்தபின் அடுப்பும் அணைந்தே கிடந்த வீட்டில் என்ன தெம்பு பிறந்திருக்கும்? நூறு நாள் வேலையோ ஏப்ரல் 20 வரை முடங்கிக் கிடந்தது.

நாடகம் எழுதுபவன் நான். ஆகவே ஒரு கூட்டத்தாரைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்வேன், பொறுத்துக்கொள். பங்குனி, சித்திரை, வைகாசி: நாதசுரக்காரரும் தவில்காரரும், கரகம் ஆடுவோரும், மேடை நடிகரும் ஆண்டு முழுமைக்கும் அரிசி சேர்க்கும் மூன்று மாதங்கள் அவை. 2020-இல் மூன்றும் போயின. தேர் ஓடவில்லை, திருமணப் பந்தலில் கூட்டமில்லை, நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரம் கடைந்து நாதசுரம் செய்யும் பட்டறைகளுக்கும் கேட்பாரில்லை. அந்த வேளையில்தான் அறிவுரை வந்தது: 'இசை கேளுங்கள், மனம் அமைதியுறும்!' ஊருக்கெல்லாம் அமைதி தந்த இசைக்காரன் உறையிலிட்ட வாத்தியத்தைப் பார்த்துக்கொண்டு பட்டினி கிடந்தான். அவனுக்கு வேண்டியது இசையா, தோழனே? நிவாரணமும் மானமும்!

அடுத்து, நம் வீட்டுப் பெண். ஆடவர் நமக்கு அடைப்பு இருபத்தொரு நாள் என்று தொடங்கிற்று. அதற்கே நெஞ்சு புழுங்கிற்று. அவளுக்கு எத்தனை தலைமுறையாக அடைப்பு? யார் ஊரடங்கு போட்டார்? குடும்ப வன்முறைப் புகார் பெருகுவது கண்டு தேசிய மகளிர் ஆணையம் ஏப்ரலில் வாட்சாப் எண் ஒன்றை அறிவித்தது. நல்லது. எண் அவளிடம்; தொலைபேசி அவன் சட்டைப்பையில்!

மதுக்கடை மார்ச்சு 24-இல் மூடியது. மூடியதைக் குறைகூறேன். ஆனால் நாள்தோறும் குடித்தவன் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வரும், உயிரே போகும் என்பது மருத்துவம். கடைக்குப் பூட்டுப் போடத் தெரிந்தவர்களுக்கு, அவனுக்கு வைத்தியர் எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. கோட்டைப்பட்டினத்தில் சவரத் திரவத்தைக் குடித்து மீனவர் மடிந்தனர். மே 7-இல் கடை திறந்தது, மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, 16-இல் உச்ச நீதிமன்றத் தடையாணையோடு மீண்டும் திறந்தது. இத்தனை வழக்கிலும் குடிநோயாளி என்ற மனிதன் எந்தப் பக்கத்து வாதி?

மனத்துக்கு மருந்து யாது என்று நம் வயலே சொல்லிற்று. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது. எட்டாண்டு தவறிய நாள் அது. 16-இல் கல்லணை திறந்தது. நாற்றங்காலில் ஆள் இறங்கிற்று. நடவு வரிசையைப் பார்த்திருக்கிறாய். கைக்கு எட்டாத தொலைவில் ஒருத்திக்கு ஒருத்தி தள்ளியே குனிகிறாள். பாட்டோ ஒரே பாட்டு! கைக்கு வேலை, மாலைக்குக் கூலி, பேச ஓர் ஆள்: மூன்று மாதம் வீட்டிலே சுவரைப் பார்த்திருந்தவள் அன்று இரவு உறங்கினாள்.

வீட்டில் இருந்தாக வேண்டிய நாள் மீண்டும் வந்தால், எழும் நேரமும் உறங்கும் நேரமும் தவறாதே. வெயிலில் சிறிது நில். செய்தியை நாளுக்கு இருமுறை கேள், இருநூறு முறை கேளாதே. வாட்சாப்பில் வந்த வதந்தியை உன்னோடு நிறுத்து. பசியும் உறக்கமும் வாரக்கணக்கில் கெட்டு, சாவைப் பற்றியே நினைவோடினால், அது நோய். பேயும் அன்று, பாவமும் அன்று. மந்திரிக்க அழைத்துப் போகுமுன் மருத்துவரிடம் அழைத்துப் போ. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அந்த மருத்துவத்தை ஒவ்வொருவர்க்கும் உரிமையாக்கியிருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. அடிபடும் பெண்ணுக்கு 181.

எண்ணைச் சுவரில் எழுதிவிட்டால் கடமை முடிந்ததா? அரிசி மூட்டையோடு புகைப்படக்காரரையும் அழைத்துச் சென்றவர்கள் நம் அணியிலும் உண்டு. வாங்கியவன் முகம் மறுநாள் ஊர் முழுதும் சுற்றியது. பசி தீர்ந்தது, தலை குனிந்தது. அந்தக் குனிவும் ஒரு மனநோய்க்கு வித்து என்பதை மறவாதே. இனிக் கொடுப்பவன் இரவில் கொடுக்கட்டும்.

உன் கிளைச் செயலாளரின் குறிப்பேட்டில் வாக்காளர் பட்டியல் இருக்கிறது. வீடு வீடாக, வயது வாரியாக. அதே ஏட்டின் பின்பக்கத்தில் வேறொரு பட்டியல் வேண்டும்: தனித்து வாழும் முதியவர் யார்? மகன் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஒற்றையாய்க் கதவடைத்துக் கிடப்பவள் யார்? குடியை நிறுத்தினால் நடுங்குபவன் யார்? எந்த வீட்டில் இரவில் அலறல் கேட்கிறது? எந்தச் சேரிக்கு ஊர்க்காரர் பால் ஊற்ற மறுப்பர்? ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, நாள்தோறும் வாயிலில் நின்று நலம் கேட்கும் ஒரு தோழனின் பெயர். ஆறடி தள்ளி நின்றே கேட்கலாம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோதும் அந்தப் பட்டியல் நம்மிடம் இல்லை, 2020-இலும் இல்லை. வடகிழக்குப் பருவம் தொடங்குமுன் எழுதி முடி. சேரியிலிருந்து எழுதத் தொடங்கு.