எரிந்தால் போதுமா?

“லைட்டு மாட்டறதுக்கெல்லாம் எதுக்குங்க வயர்மேன்? எல்இடி தானுங்க, கரண்டே இழுக்காது.” ஈரோட்டில் புது வீடு கட்டுபவர்களும் பழைய வீட்டுக்கு ஃபால்ஸ் சீலிங் போடுபவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். சூரம்பட்டியிலும் இதே பேச்சு, பெருந்துறை ரோட்டிலும் இதே பேச்சு. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம்கூட இல்லை. இது தவறான நம்பிக்கை மட்டுமல்ல, ஆளைக் கொல்லும் நம்பிக்கை.

கணக்கைப் பாருங்கள். 9 வாட் எல்இடி பல்பு 230 வோல்ட்டில் சுமார் 40 மில்லியாம்பியர்தான் இழுக்கும். குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் மனித உடம்பில் 10 மில்லியாம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டிச் சற்று நேரம் நீடித்தால் இதயத் துடிப்பே குலையலாம். மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் கருவியான ஆர்சிசிபி, வீடுகளுக்கென்றால் 30 மில்லியாம்பியரில் விழும்படி செய்யப்பட்டிருப்பது அதனால்தான். எல்இடி வந்ததால் கரண்ட் பில் குறைந்தது, வோல்ட் குறையவில்லை. எம்சிபி இருக்கிறதே என்பார்கள். 6 ஆம்பியர் எம்சிபி என்றால் 6,000 மில்லியாம்பியர். அது வயர் கருகாமல் காக்க வைத்தது. அதே லைனில் ஒருவர் துடித்துக்கொண்டிருந்தாலும் அதற்குத் தெரியாது.

ஈரோட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் தைரியமும் உண்டு. வீரப்பன்சத்திரம் பக்கம் தறி ஓட்டியவர்கள் மோட்டாருக்கு கனெக்‌ஷன் கொடுக்கப் பழகியவர்கள். அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் தறியில் தப்பாகக் கொடுத்தால் மோட்டார் திருப்பிச் சுற்றும், இல்லையென்றால் உறுமி நிற்கும். தப்பு அப்போதே தெரிந்துவிடும். லைட் அப்படிக் காட்டிக்கொடுக்காது. தப்பாகக் கொடுத்தாலும் பளிச்சென்று எரியும். நம் ஆட்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஸ்விட்ச் ஃபேஸில் வர வேண்டும். தெரியாதவர் கையில் அது நியூட்ரலில் போய்விடுகிறது. போட்டால் எரிகிறது, அணைத்தால் அணைகிறது, வீட்டுக்காரர் காசு கொடுத்து அனுப்பிவிடுகிறார். ஆனால் ஸ்விட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். ஸ்விட்ச் அணைந்திருக்கிறது என்று நம்பி ஸ்டூல் போட்டு ஏறி பல்பைக் கழற்றுபவரின் விரல் படுவது அந்த ஹோல்டரில்தான். அணைத்த பிறகும் சில எல்இடி பல்புகள் இருட்டில் மங்கலாக மினுங்கும். அதற்கு இந்தத் தப்பு ஒரு காரணமாக இருக்கலாம். ‘சீன பல்பு, அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம். டெஸ்டரை ஹோல்டரில் வைத்துப் பார்ப்பவர் யாரும் இல்லை.

ஃபால்ஸ் சீலிங் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். ஜிப்சம் போர்டு அடிக்க வந்த ஆளே லைட்டுக்கும் வயரை இழுத்துவிடுகிறார். இரண்டு வயரை முறுக்கி, மேலே டேப் சுற்றி, சீலிங்குக்கு மேலே தள்ளிவிடுவார். ஜங்ஷன் பாக்ஸ் கிடையாது, கனெக்டர் கிடையாது. ஈரோட்டுச் சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தளத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே எவ்வளவு சூடு அடைந்திருக்கும் என்று யோசியுங்கள். டேப்பின் பசை இளகி வழியும், சுற்று பிரியும். முறுக்கு தளர்ந்த இடத்தில் சூடு கூடும், பொறி பறக்கும். அலுமினிய ப்ரொஃபைல் லைட்டுக்கு வர வேண்டிய பச்சை எர்த் வயரோ மடித்து ஓரமாகச் செருகப்பட்டிருக்கும். எர்த் இல்லாமலும் லைட் எரியும் அல்லவா?

சட்டம் ஒன்றும் முரட்டுத்தனமாக இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் மாற்றுவதை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டன. புதிதாக வயர் இழுக்கவும் பாயிண்ட் சேர்க்கவும்தான் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரும் தகுதிச் சான்று உள்ளவரும் வேண்டும் என்றன. தமிழ்நாட்டில் அந்தச் சான்றைத் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம்.

வயர்மேன் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று கறாராகக் கேட்கிறார் என்ற புகார் நியாயமானது. எல்லா வயர்மேனும் ஒழுங்காக வேலை செய்வதும் இல்லை. அதற்காக வேலை தெரியாதவரிடம் வீட்டைக் கொடுப்பதா? சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வேலை முடிந்ததும் வயரின் காப்பை அளக்கும் மெக்கர் வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். லைட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர்தான் போட்டாரா என்று நின்று பாருங்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுக் கணக்குகளில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் ஆண்டுக்கு 12 ஆயிரத்துக்கும் மேல். இவர்கள் எல்லாரும் வீட்டில் இறந்தவர்கள் அல்ல. ஆனால் நம் வீட்டில் நடப்பதைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது.

இன்றைக்கே உங்கள் வீட்டு மெயின் போர்டைத் திறந்து, ஆர்சிசிபி-யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அது விழவில்லை என்றாலோ, ஆர்சிசிபி-யே இல்லை என்றாலோ, புது லைட் வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் சான்று பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.